மச்சான் கையில் கயிறு

மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டரிடம் நான் பொய் சொன்னேன். ஒரே பொய்யை இரண்டு தடவை. இரண்டாவது தடவை சொன்னபோது ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து படுத்திருந்தேன். உடம்பில் ஒரு பச்சைத் துணியைத் தவிர வேறெதுவும் கிடையாது. அந்தக் கோலத்தில் இருக்கிற மனிதன் எதை மறைத்துவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒரு மாத்திரையை மறைத்தேன்.

"தினமும் ஏதாச்சும் மாத்திரை எடுக்கீங்களா அண்ணாச்சி? நேத்தும் கேட்டேன். மறுபடி கேக்கேன்."

"ஒண்ணும் கிடையாதும்மா. வெத்தல கூடப் போடுறதில்ல."

டாக்டர் சண்முகக்கனிக்கு ஆத்தூர். அவர் வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு என்பதை முந்தின நாள் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவைத்திருந்தேன். ஆகவே இந்தப் பதில் எனக்கு நகைச்சுவையாகப் பட்டது. அவர் சிரிக்கவில்லை. என் தலைக்குப் பின்னால் இருந்த மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாடி நாப்பத்தாறு. நீங்க ஓட்டப்பந்தயம் ஓடுற ஆளா?"

கேட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

மானிட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். பிறகு நிறுத்தும். அந்த நிறுத்தத்துக்குள் ஒரு முழு வாக்கியத்தை யோசித்து, அதில் ஒரு சொல்லைத் திருத்தியும் விடலாம். பிறகு இன்னொரு 'டிக்'. அது என் இதயம்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வராந்தாவில் யாரோ வெறுங்காலோடு நடந்துபோகிறார்கள், போகப்போக நடையைக் குறைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள். வெளியே தூத்துக்குடி காலை ஒன்பது மணி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அந்த வெயில் பாசி நிறத்தில் வந்து விழுந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதியது. அந்த ஒலி காதுக்கு வரவில்லை. மேஜையின் இரும்பு வழியாக முதுகுக்கு வந்தது.

மறைத்த பொருள்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்கள் என்னை ஒரு தைரியசாலி என்று தப்பாக நினைத்திருக்க வாய்ப்பில்லை. சைக்கிளோடு உப்பளத்தில் விழுந்ததை எழுதியிருக்கிறேன். மைத்துனியின் கல்யாணத்தில் வேறொரு பெண்ணை மணப்பெண் என்று வாழ்த்தியதை எழுதியிருக்கிறேன். இந்த மாத்திரையைப் பற்றி மட்டும் எழுதியதில்லை.

எனக்குத் தொழில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் காகிதங்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்துவது. ஆனால் ஊருக்குள் என்னை அறிவது மேடைப் பேச்சாளன் என்று. கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு எதுவானாலும் சிரிக்க வைக்க லாரன்ஸைக் கூப்பிடு என்பார்கள். நானும் போவேன். மைக்கைப் பிடித்தால் கை நடுங்கும்.

கொஞ்ச நடுக்கம் இல்லை. மைக் மூக்கில் இடிக்கிற நடுக்கம்.

பல வருஷங்களுக்கு முன்பு, எங்கள் ஆட்கள் யாரும் போகாத டாக்டராகப் பார்த்து, பாளையங்கோட்டை வரை பஸ் ஏறிப் போய்க் காட்டினேன். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதயத்தின் ஓட்டத்தைக் குறைக்கிற மாத்திரை. இதயம் ஓடாவிட்டால் கை ஆடாது. இதுதான் நான் புரிந்துகொண்ட விஞ்ஞானம். மேடைக்கு முன்னால் ஒன்று என்று ஆரம்பித்தது. பிறகு அலுவலகத்தில் கையெழுத்துப் போட, பந்தியில் பாயசம் வாங்க, கடைசியில் காலையில் எழுந்திருக்க என்று தினப்படி ஆகிவிட்டது.

பித்தப்பைக் கல்லை எடுக்கும் ஆபரேஷன் அன்று காலை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கக்கூசுக்குள் நின்று, குழாய்த் தண்ணீர் ஒரு மடக்கில், இரண்டு மாத்திரை போட்டேன்.

ஒன்று போதாதா என்றால், போதாது. ஊசி குத்தக் கையை நீட்டச் சொல்வார்கள். கை ஆடினால் நர்ஸ் பார்ப்பாள். அந்த நர்ஸ் பிரின்சி. என் மனைவி ஸ்டெல்லாவோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடுகிறவள். பிரின்சிக்குத் தெரிந்தால் ஸ்டெல்லாவுக்குத் தெரியும். ஸ்டெல்லாவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் முப்பது வருஷமாக இத்தனை பாடும்.

டாக்டர் இரண்டாம் தடவை கேட்டபோதும் பிரின்சி என் காலடியில்தான் நின்றாள். அதனால் இரண்டாம் தடவையும் பொய் சொன்னேன். உயிரா மானமா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். யோசித்திருந்தால் வீரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

கல்லோடு இறங்கியவர்

ஒரு சின்ன நடுக்கத்தை ஏன் இப்படி மூடி மறைக்க வேண்டும் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் அப்பாவின் தம்பி மிக்கேல் சித்தப்பா சங்கு குளிப்பவர். முத்துக்குளிப்பு எனக்கு முந்தியே நின்றுபோயிருந்தது, சங்கு இருந்தது. மற்றவர்கள் முகத்துக்குக் கண்ணாடியும் காலுக்கு ரப்பர் துடுப்பும் மாட்டத் தொடங்கிய பிறகும் சித்தப்பா பழைய முறையை விடவில்லை. காலுக்குக் கீழே ஒரு கல், இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் ஒருவர் கையில் இருக்கும்.

அந்த ஒருவர் யாராக இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மனைவியின் அண்ணன், இல்லாவிட்டால் தம்பி. தகப்பன் வேண்டாம், சிநேகிதன் வேண்டாம், கூடப்பிறந்தவன் வேண்டவே வேண்டாம். கீழே போனவன் வராவிட்டால் கூடப்பிறந்தவனுக்கு வீட்டில் பங்கு கூடும். மச்சானுக்குத் தங்கச்சிதான் திரும்பி வருவாள், வெள்ளைச் சேலையில். அந்தப் பயம் உள்ள கைதான் கயிற்றைச் சரியாகப் பிடிக்கும் என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். மனித சுபாவத்தைப் பற்றி இதைவிட நல்ல அபிப்பிராயம் அவர்களுக்கு இருந்திருக்கவில்லை.

இப்போது கல் போயிற்று, கயிறு போயிற்று. வழக்கம் போகவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனால் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசல் நாற்காலியில் உட்காருகிறவர் மச்சான்தான். உள்ளே போனவரின் சட்டை, வேட்டி, செயின் எல்லாம் ஒரு பையில் அவர் மடியில் இருக்கும். டீ குடிக்கக்கூட எழுந்து போகக் கூடாது.

கீழே என்ன நடக்கும் என்று சித்தப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். மீனுக்கு முள் எடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்வார்.

"அஞ்சு பாகம் வரைக்கும் காதுதாம்ல வலிக்கும். அதுக்குக் கீழ போனா வலி நின்னுரும். சத்தமும் நின்னுரும். நெஞ்சு அடிக்கது மெதுவாயிரும். உன்னைய விட்டுட்டு அதுபாட்டுக்கு நடந்து போற மாதிரி இருக்கும். அப்பம் ஒருத்தன் உன் பேரச் சொல்லிக் கூப்பிடுவான்."

"யாரு சித்தப்பா?"

"யாருன்னு பாக்கப்படாது. பதில் சொல்லப்படாது. கயித்த மூணு தரம் இழு. மேல இருக்கவன் தூக்கிருவான்."

ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். எட்டுப் பாகம் இறங்கக்கூடியவர் சித்தப்பா. நான் நீச்சல் தெரியாதவன். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று அவர் வள்ளம் போவதைப் பார்த்ததுதான் என் கடல் அனுபவம்.

ஒரு நாள் காலை சித்தப்பாவின் மச்சானுக்குக் காய்ச்சல். வழக்கப்படி அன்று போயிருக்கக் கூடாது. சித்தப்பா பிடிவாதமாகக் கிளம்பினார். என் அப்பா கயிற்றைப் பிடிக்கப் போனார்.

கயிறு இழுபட்டிருக்கிறது. அப்பா அதைக் கடல் அசைவு என்று எடுத்துக்கொண்டார். மறுபடி இழுபட்டபோது சந்தேகம் வந்து தூக்கினார். கயிறு லேசாக வந்தது. இடுப்பைச் சுற்றிக் கட்டிய முடிச்சு அவிழாமல் அப்படியே வட்டமாக இருந்தது. உள்ளே ஆள் இல்லை. சித்தப்பா கரைக்கு வரவே இல்லை.

அன்று சாயந்தரம் அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்தது. கஞ்சிக் கோப்பை வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடும். கடலை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை சரிபார்க்கும் வேலைக்குப் போனார். முகத்துக்கு நேரே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்கு 'நடுக்கக்காரர் வீடு' என்று பெயர் வந்தது. சாகும் வரைக்கும் அப்பா அந்தக் காலையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "அவன் சரியாத்தான் இழுத்தான்."

எனக்குப் பெண் பார்க்கப் போனபோது ஸ்டெல்லாவின் வீட்டார் படிப்பைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. "பையனுக்குக் கை எப்பிடி?" என்று கேட்டார்கள். "மாதா மேல சத்தியமா ஒண்ணும் கிடையாது" என்றாள் அம்மா. மாதாவைச் சாட்சிக்கு இழுத்த பிறகு நான் என்ன செய்ய முடியும்? கல்யாணம் ஆன கையோடு மாத்திரை போட்டேன்.

இது தெரிந்த ஒரே ஆள் கித்தேரியான். ஸ்டெல்லாவின் அண்ணன், என் மச்சான். திரேஸ்புரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். பாளையங்கோட்டைச் சீட்டை ஊருக்குள் வேறு எந்தக் கடையில் நீட்டினாலும் செய்தி வீட்டுக்கு வந்துவிடும் என்பதால் அவரிடமே நீட்டினேன். படித்தார். என் கையைப் பார்த்தார். "தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவர் தலையில்தான்.

வாசலில்

இனி நடந்தது நான் பார்க்காதது. கித்தேரியான் பிற்பாடு சொன்னது.

தியேட்டர் கதவு திறந்து டாக்டர் சண்முகக்கனி முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த கித்தேரியானும் ஸ்டெல்லாவும் எழுந்துவிட்டார்கள். ஸ்டெல்லா ஜெபமாலையோடு முன்னால் வந்தாள். டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. இந்தக் கரையில் பல வருஷம் வேலை பார்த்தவர். யாரைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"லாரன்ஸ் அண்ணாச்சிக்குக் கையெழுத்துப் போட்ட மச்சான் யாரு?"

"நாந்தான்."

"நாடி நாப்பத்தாறுல நிக்கி. பிரஷரும் கம்மி. மாத்திரை எதுவும் இல்லங்காரு. நான் கொடுக்கப்போற மருந்து ரெண்டையும் இன்னும் கீழ இறக்கும். காரணம் தெரியாம நான் அவர இறக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியுமா?"

கித்தேரியான் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா அவரைப் பார்த்தாள்.

"அந்த நேரத்துல ஒம்ம சத்தியம் தலையில கிர்ருன்னு சுத்துது வேய்" என்று என்னிடம் சொன்னார். "நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஆனா அது ஒம்மாலதான்."

சொல்லிவிட்டார். மாத்திரையின் பெயர், எவ்வளவு, எத்தனை வருஷமாக, எல்லாம். தங்கையின் முன்னாலேயே.

"இன்னைக்கு எடுத்தாரா?"

அது அவருக்குத் தெரியாது. ஆனால் என் சட்டை அவர் மடியில் இருந்த பையில் இருந்தது. முந்தின நாள் சாயந்தரம்தான் முழு அட்டையை என்னிடம் கொடுத்திருந்தார். பையைத் திறந்து சட்டைப் பைக்குள் கை விட்டு அட்டையை எடுத்தார். இரண்டு குழி காலி.

டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இறங்கும் முறை

உள்ளே நான் மேற்கூரையில் இருந்த ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என் தலைமாட்டில் வந்து நின்று காதருகே குனிந்தார்.

"நடுக்க மாத்திரை. ரெண்டு. இல்லையா?"

எனக்கு முதலில் தோன்றியது: பிரின்சிக்குக் கேட்டிருக்குமோ?

"கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்" என்றார் டாக்டர். நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போல. "தள்ளி வைக்கலாம்னு பாத்தா ஒங்க பித்தப்பை கெடக்கிற கெடைக்கு அதுக்கு வழியில்ல. ஆனா இப்பம் எனக்குத் தெரியும். தெரிஞ்சிட்டா இறங்கலாம்."

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. சலைனை வேகமாக ஓடவிட்டார்கள். இடது கை வழியாகக் குளிர் தோள் வரை ஏறியது. மெல்லிய பலகையில் வைத்து, மேலே மட்டும் பிளாஸ்டர் ஒட்டியிருந்த கை அது. வலது கையில் பிரஷர் பட்டை. பிரின்சி புதிதாக இரண்டு ஊசிகளில் மருந்து ஏற்றிப் பெயர் ஒட்டித் தட்டில் வரிசையாக வைத்தாள். டாக்டர் ஒன்றை எடுத்து முதலில் போட்டார். "இது நாடியத் தூக்கி வைக்கிறதுக்கு. தூங்க வைக்கிறது அப்புறம்தான்." சும்மா நின்றார். மானிட்டரின் 'டிக்' சற்று நெருங்கி வந்தது. ஐம்பத்தெட்டு என்று பிரின்சி சொன்னாள்.

டாக்டரின் ஒரு விரல் என் நெற்றிப்பொட்டில் வந்து உட்கார்ந்தது.

"மெஷின் இருக்கேம்மா. விரல் எதுக்கு?"

"மெஷின் கொஞ்சம் பிந்தித்தான் சொல்லும். எங்கப்பா ஒரு கவுளி, நூறு வெத்தல, கண்ண மூடிட்டு விரலாலயே எண்ணுவாரு. ஒண்ணு குறைஞ்சாலும் விரல் நின்னுரும்." பிறகு பிரின்சியிடம், "பாதி டோஸ். மெதுவா. நான் சொல்லச் சொல்ல."

என் முன்னோர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள், நான் வயிற்றுக்குள் கல்லை வைத்துக்கொண்டு இறங்குகிறேன் என்று ஒரு நகைச்சுவை தோன்றியது. அடுத்த மேடைக்கு ஆகும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அதற்குள் காது வலித்தது.

வலி நின்றது. பச்சை வெளிச்சம் மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் அசையவில்லை, அதுதான் போனது. 'டிக்' கேட்டது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. வெறுங்காலோடு நடந்த அந்த ஆள் வராந்தாவின் கோடிக்குப் போய்விட்டிருந்தார். அங்கே நின்றார். திரும்பிப் பார்க்கப் போகிறாரோ என்று இருந்தது.

அப்போது ஒரு கை என் இடது மணிக்கட்டைப் பிடித்தது. ஈரக் கை. பிடி பலமாக இருந்தது; ஆனால் நடுங்கியது. கோப்பை தட்டில் கிடந்து ஆடுமே, அந்த நடுக்கம்.

"எலேய் மிக்கேலு" என்று கூப்பிட்டது. அப்பாவின் குரல். "எலேய் மிக்கேலு, இழுத்தியா? இப்பம் இழுத்தியால?"

நான் மிக்கேல் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. பதில் சொல்லப்படாது என்பது ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் நடுவில், எனக்குக் கயிறு கட்டியிருக்கிறதா என்றே தெரியாமல், மூன்று தரம் இழுத்தேன்.

முப்பத்தெட்டு

கண் விழித்தபோது தொண்டையில் மணல் கிடந்த மாதிரி இருந்தது. பிரின்சி வாயில் ஈரப் பஞ்சை வைத்து ஒற்றினாள்.

"என்னண்ணே, பயமுறுத்திப்போட்டீங்களே."

"என்ன ஆச்சு?"

"தூங்கிட்டீங்கன்னு நெனச்சேன். திடீர்னு இந்தப் பலகையில ஒட்டியிருந்த கை விரல் மடங்குச்சு. துணியப் பிடிச்சு மூணு தரம் இழுத்தீங்க. டாக்டர் அதப் பாத்தாங்க. பாத்த உடனே நாடியத் தூக்குற அடுத்த ஊசி. அதுக்கு அப்புறம்தான் மெஷின் கத்துச்சு, முப்பத்தெட்டுன்னு. மருந்து ஏற்கெனவே உள்ள போயிட்டிருந்ததால மேல வந்திருச்சு."

"என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தது யாரு?"

"எந்தக் கைய?"

"இடது கைய."

"அங்கன யாருமில்லண்ணே. நான் மருந்த ஏத்திட்டுக் காலடிக்கு வந்துட்டேன். டாக்டர் தலமாட்டுல."

சாயந்தரம் டாக்டர் சண்முகக்கனி வார்டுக்கு வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துக் கண்ணை அரைவாசி மூடியிருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தூங்க வைக்கிற மருந்து நாடியையும் பிரஷரையும் ஒரு படி இறக்கும். வலிக்குக் கொடுக்கிறது இன்னொரு படி. அது எல்லாருக்கும் உண்டு, அதுக்குத் தயாரா இருப்போம். நீங்க யாருக்கும் தெரியாம முன்னாலயே ரெண்டு படி இறங்கி நின்னீங்க. அது தெரியாம நான் எப்பவும் கொடுக்கிற அளவ, எப்பவும் கொடுக்கிற வேகத்துல கொடுத்திருந்தா முப்பத்தெட்டோட நின்னிருக்காது. அந்த மாத்திரையே தப்பில்ல. பல பேரு அதப் போட்டுட்டுத்தான் வாராங்க. சொல்லிட்டு வாராங்க."

மன்னிப்புக் கேட்டேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டாக்டரம்மா, ஒரு கை என்னைப் பிடிச்சுது. ஈரமா."

"குளுந்த சலைன் வேகமா ஓடுச்சுல்ல. அப்பிடித்தான் இருக்கும்."

"நடுங்குச்சு."

"ஒங்க கைதான் நடுங்கியிருக்கும்" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். இரண்டு மாத்திரை உள்ளே இருக்கிறது. அன்று அந்த அறையில் நடுங்க முடியாத ஒரே கை என்னுடையது.

என் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடம் சிவந்திருந்தது. சுற்றிலும் சிவந்திருந்தது. பிளாஸ்டரைச் சுற்றிலும் ஒட்டியிருக்கவில்லை.

"எங்க ஊரா இருந்தா இதுக்குச் சாமிக்கு ஒரு கொடை குடுக்கச் சொல்லுவாங்க" என்றபடி எழுந்தார். "நான் சீட்டுல மாத்திரை பேர எழுதி வைக்கேன்."

அவர் போன பிறகு கித்தேரியான் வந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"வேய் மச்சான், காலையிலருந்து டீ குடிக்கல. இப்பம் போலாமா?"

போங்கள் என்றேன். அவர் என் பையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். பிடியை விட்டுவிட்டு, மறுபடி ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அவர் கையில் நடுக்கம் ஏதும் இல்லை. கவனித்துப் பார்த்தேன்.

ஸ்டெல்லா

மறுநாள் ஸ்டெல்லா கஞ்சி கொண்டுவந்தாள். முந்தின நாள் முழுக்க அவள் அந்த விஷயத்தைப் பேசவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. நானே ஆரம்பித்தேன். பாளையங்கோட்டை, சீட்டு, கக்கூஸ், அம்மாவின் சத்தியம், அப்பாவின் கோப்பை எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஈரக் கையையும் சொன்னேன். மாத்திரை இல்லாத காலை அது. சொல்லும்போது கை போர்வையின் மேல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அதை மறைக்காமல் விட்டேன்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே ஸ்பூனால் கஞ்சியை ஆற்றினாள்.

"கை நடுங்கும்னு எனக்குத் தாலி கட்டயிலேயே தெரியும். கழுத்துல கோழி கொத்துன மாதிரி இருந்துச்சு. மூணாவது முடிச்சு ஒங்க அக்காதான் போட்டாங்க."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"கேட்டா இன்னும் கூட ஆடும்லா."

முப்பது வருஷம் ஒருத்தி தெரிந்தும் தெரியாத மாதிரி என் பக்கத்தில் இருந்திருக்கிறாள். இதற்கு என்ன சொல்வது என்று, பேச்சாளனான நான், சொல் தேடிக்கொண்டிருந்தேன். அவள் என் நடுங்கும் கையைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது. கண்ணை மூடிக் காத்திருந்தேன்.

"கை ஆடாம இருக்கிறதுக்கு மாத்திரை இருக்கு, சரி. ஒங்க பேச்சுக்கு ஆளுக சிரிக்கிறதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்கான்னு எங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா?"